இன்ஸ்டன்ட் காபியை ஒப்பிடுவது எப்படி: பாதி டப்பாவில், பாதி டம்ளரில்

எந்த இன்ஸ்டன்ட் காபி நல்லது என்று கேட்டுப் பாருங்கள், பதில் உடனே வந்துவிடும். "ப்ரூவை அடித்துக்கொள்ள எதுவும் கிடையாது" என்பார் ஒருவர். "சிக்கரி போட்டதெல்லாம் காபியே இல்லை, நெஸ்கஃபே கிளாசிக் வாங்குங்கள்" என்பார் அடுத்தவர். "குருணை குருணையாக இருந்தால்தான் அசல், தூளாக இருந்தால் மட்டம்" என்பார் மூன்றாமவர். மூவரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வது போலத்தான் தோன்றும். உண்மையில் முதலாமவர் தன் நாக்கின் பழக்கத்தைச் சொல்கிறார், இரண்டாமவர் கலவையைச் சொல்கிறார், மூன்றாமவர் உலர்த்தும் முறையைச் சொல்கிறார், அதையும் தவறாகப் புரிந்துகொண்டு.

இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கடை அலமாரியில் உள்ள ஒரு டப்பாவின் லேபிளைப் படித்தே அது ஏறக்குறைய எப்படி இருக்கும் என்று சொல்லிவிடலாம். அது உங்களுக்குப் பிடிக்குமா என்பதை மட்டும் டம்ளரில்தான் பார்க்க வேண்டும். அதற்கும் ஒரு முறை இருக்கிறது.

கரும்பும் வெல்லமும்

ஃபில்டர் காபிப் பொடி என்பது வறுத்து அரைத்த கொட்டை. வெந்நீர் ஊற்றினால் சாறு கீழே இறங்கும், சக்கை மேலே தங்கும். இன்ஸ்டன்ட் காபி அந்தச் சாறு மட்டுமே. தொழிற்சாலையிலேயே டிகாக்ஷன் இறக்கி, அதிலுள்ள தண்ணீரை முழுக்க வெளியேற்றிவிட்டால் மிஞ்சுவதுதான் டப்பாவில் வருகிறது.

கரும்புக்கும் வெல்லத்துக்கும் உள்ள உறவு இது. வெல்லத்தில் சக்கை கிடையாது, அதனால் தண்ணீரில் முழுக்கக் கரைகிறது. ஆனால் ஆலையில் பிழிந்த சாற்றின் பச்சை மணம் வெல்லத்தில் இருக்காது. காய்ச்சும்போது அது போய், காய்ச்சிய மணம் ஒன்று புதிதாக வந்து சேர்ந்திருக்கும். இன்ஸ்டன்ட் காபியிலும் இழப்பு அதேதான், வரவும் அதேதான்.

ஆகவே "அது காபியே இல்லை, வெறும் கெமிக்கல்" என்ற பேச்சில் உண்மை இல்லை. நூறு சதவீதம் காபி என்று போட்ட டப்பாவில் காபியைத் தவிர வேறு மூலப்பொருள் இருக்காது. சர்க்கரையும் பால்பொடியும் சேர்த்து வரும் பிரீமிக்ஸ் பாக்கெட்டுகள் வேறு சங்கதி. அவற்றில் எடையில் பெரும்பங்கு சர்க்கரையும் கிரீமரும்தான். அவற்றை இந்த ஒப்பீட்டில் சேர்க்க வேண்டாம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஒரே பிராண்டின் பெயரில் இரண்டு வகையும் வரும். ப்ரூ கிரீன் லேபிள் ஃபில்டரில் போட வேண்டிய பொடி, ப்ரூ இன்ஸ்டன்ட் கரைக்க வேண்டிய பொடி. முன்னதைச் சூடான பாலில் போட்டுக் கலக்கினால் அடியில் மண்டிதான் தங்கும்.

தொழிற்சாலையில் டிகாக்ஷன் இறங்கும் விதம்

வீட்டு ஃபில்டரில் போடும் பொடியின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் கால் பங்குதான் தண்ணீரில் கரைந்து வருகிறது. மற்றதெல்லாம் சக்கையாகக் குப்பைக்குப் போகிறது. தொழிற்சாலைக்கு இது கட்டாது. அங்கே உயரமான எஃகு உருளைகளில் காபித் தூளை நிரப்பி, அழுத்தத்தில் 150 டிகிரிக்கு மேல் சூடேற்றிய தண்ணீரை ஒன்றிலிருந்து அடுத்ததற்கு என்று வரிசையாகச் செலுத்துவார்கள். அந்தச் சூட்டில், சாதாரண வெந்நீரில் கரையாத மாவுத்தன்மையுள்ள பொருட்களும் உடைந்து கரைந்துவிடும். எடையில் ஏறக்குறைய பாதி வெளியே வந்துவிடும். 2.6 கிலோ பச்சைக் கொட்டைக்கு 1 கிலோ இன்ஸ்டன்ட் காபி என்பது சர்வதேச காபி அமைப்பு பயன்படுத்தும் கணக்கு.

சுவையில் இதன் விளைவு தெளிவாகவே தெரியும். அதிகம் பிழிந்ததால் திடம் கூடும். கூடவே மரத்தூள் போன்ற ஒரு சாயலும் மந்தமான புளிப்பும் வரும். பால் சேர்க்காமல் குடித்தால் இன்ஸ்டன்ட் காபியை ஃபில்டர் காபியிலிருந்து உடனே பிரித்துச் சொல்ல வைப்பது இந்தச் சாயல்தான். மலிவான தயாரிப்பில் இது அதிகம், கவனமாகப் பிழிந்ததில் குறைவு.

வறுத்த காபியில் 800க்கும் மேற்பட்ட மணப்பொருட்கள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை சூட்டில் பறந்துவிடும் இயல்புடையவை. அதனால் டிகாக்ஷனைச் சுண்டவைப்பதற்கு முன்பே மணத்தை நீராவியால் தனியே பிரித்தெடுத்து, குளிர்வித்து வைத்துக்கொண்டு, பிறகு கெட்டியான டிகாக்ஷனில் திரும்பச் சேர்ப்பார்கள். பல தயாரிப்புகளில் டப்பாவை மூடுவதற்கு முன் காபி மண எண்ணெயையும் சிறிது சேர்ப்பதுண்டு. புது டப்பாவின் மேல்தாளைக் கிழிக்கும்போது குப்பென்று வரும் வாசனைக்கு இதுவும் ஒரு காரணம். திறந்து சில நாட்களில் அது அடங்கிவிடும். எனவே வீட்டில் ஒரு மாதமாகத் திறந்திருக்கும் டப்பாவையும் இன்று வாங்கிய டப்பாவையும் முகர்ந்து பார்த்து இரண்டு பிராண்டுகளுக்கு மதிப்பெண் போடுவது நியாயமில்லை.

இந்தத் தொழில் பெரிதாக வளர்ந்ததற்குப் பின்னால் பிரேசிலின் காபித் தேக்கம் இருக்கிறது. 1929 பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு அங்கே விற்காமல் குவிந்த காபியை என்ன செய்வது என்ற கேள்வி நெஸ்லே நிறுவனத்திடம் வந்தது. வேதியியலாளர் மாக்ஸ் மோர்கந்தாலர் பல ஆண்டுகள் உழைத்துக் கண்ட விடைதான் 1938 ஏப்ரல் 1 அன்று சுவிட்சர்லாந்தில் விற்பனைக்கு வந்த நெஸ்கஃபே. இன்று நமக்கு அருகிலேயே பெரிய ஆலைகள் இருக்கின்றன. தேனியில் டாடா குழுமத்தின் காபி ஆலை, ஆந்திரத்தின் துக்கிராலாவில் கான்டினென்டல் காபி தயாரிக்கும் சிசிஎல் ஆலை, மைசூருக்கு அருகே நஞ்சன்கூட்டில் நெஸ்லே ஆலை.

தூளா, குருணையா: உலர்த்தும் முறை

கெட்டியான டிகாக்ஷனிலிருந்து மீதித் தண்ணீரை எடுக்க இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, தெளித்து உலர்த்துதல். லேபிளில் ஸ்பிரே டிரைடு என்று வரும். உயரமான கோபுரத்தின் உச்சியிலிருந்து டிகாக்ஷனைச் சாரலாகத் தெளிப்பார்கள். கூடவே 200 டிகிரிக்கு மேற்பட்ட சூடான காற்று வீசும். துளிகள் கீழே வந்து சேர்வதற்குள் சில நொடிகளில் காய்ந்து, உள்ளே வெற்றிடம் உள்ள மெல்லிய மணிகளாகிவிடும். இப்படித்தான் நைசான தூள் கிடைக்கிறது.

இந்தத் தூளை லேசாக நீராவியில் காட்டினால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குருணையாகும். இதற்கு அக்ளாமரேஷன் என்று பெயர். செய்வதற்குக் காரணம், குருணைகளுக்கிடையே உள்ள இடைவெளி வழியாகத் தண்ணீர் சட்டென்று உள்ளே போகும், கட்டி பிடிக்காது என்பதுதான். ஆக, நீங்கள் பார்க்கும் குருணை பெரும்பாலும் தூளிலிருந்தே வந்தது. சிக்கரி கலந்ததையும் குருணையாக்கலாம், சுத்தக் காபியையும் தூளாக விற்கலாம். வடிவத்தைப் பார்த்து அசல், மட்டம் என்று சொல்ல வழியே இல்லை.

இரண்டாவது, உறையவைத்து உலர்த்துதல். லேபிளில் ஃப்ரீஸ் டிரைடு என்று இருக்கும். டிகாக்ஷனை மைனஸ் 40 டிகிரி அளவுக்கு உறையவைத்து, உடைத்து, காற்றை வெளியேற்றிய அறையில் வைத்து மெல்லச் சூடேற்றுவார்கள். பனிக்கட்டி தண்ணீராகாமல் நேரே ஆவியாகிப் போய்விடும். சூடு அதிகம் படாததால் மணம் கூடுதலாகத் தங்கும். பல மணி நேரம் பிடிக்கும், மின்செலவும் அதிகம், விலையும் அதற்கேற்ப. நெஸ்கஃபே கோல்டு இந்த வகை.

இரண்டையும் பிரித்தறிய ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். அக்ளாமரேஷன் செய்த குருணை, சின்னச் சின்ன மணிகள் ஒட்டிய உருண்டையாக, ஓரங்கள் மொழுமொழுவென்று இருக்கும். விரல்களுக்கிடையே வைத்து நசுக்கினால் சுலபமாகத் தூளாகிவிடும். உறையவைத்து உலர்த்தியது உடைந்த கல் போலத் தட்டையான முகங்களும் கூரான ஓரங்களுமாக, வெளிர் பழுப்பாக இருக்கும். நசுக்கினால் நறுக்கென்று உடையும்.

*இதுவரை பார்த்தது: இன்ஸ்டன்ட் காபி என்பது காய்ந்த டிகாக்ஷன். அழுத்தத்தில் பிழிவதால் திடமும் ஒரு மரச்சாயலும் கூடுகின்றன. தெளித்து உலர்த்தியதைவிட உறையவைத்து உலர்த்தியதில் மணம் அதிகம் தங்குகிறது. குருணை வடிவம் சுத்தத்துக்கு அடையாளம் இல்லை.*

சிக்கரி: சண்டையின் நடுவில் இருக்கும் வேர்

நம் ஊர் இன்ஸ்டன்ட் காபிகளுக்குள் மிகப் பெரிய வேறுபாடு இதுதான். உலர்த்தும் முறை, கொட்டை ரகம் எல்லாம் இதற்குப் பின்னால்தான் வரும்.

சிக்கரி என்பது நீலப்பூ பூக்கும் ஒரு செடியின் தடித்த வேர். இந்தியாவில் குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது. வேரைத் துண்டாக்கி, காயவைத்து, வறுப்பார்கள். வேரில் இனுலின் என்ற இனிப்பற்ற மாவுப்பொருள் நிறைய இருக்கிறது. வறுக்கும்போது அதில் ஒரு பகுதி சர்க்கரையாக உடைந்து கருகி, கேரமல் போன்ற மணமும் அடர்ந்த கருப்பு நிறமும் தருகிறது. சிக்கரியில் காஃபின் அறவே கிடையாது. காபியைவிட அதிகப் பங்கு தண்ணீரில் கரைந்துவிடும் என்பதால் சிறிதளவிலேயே டிகாக்ஷன் கெட்டியாகும்.

இது கலப்படம் என்று பலர் நினைக்கிறார்கள். லேபிளில் சொல்லாமல் கலந்தால்தான் கலப்படம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, இரண்டின் சதவீதத்தையும் பாக்கெட்டில் அச்சிட்டிருக்க வேண்டும். நெஸ்கஃபே கிளாசிக்கில் சிக்கரி இல்லை. நெஸ்கஃபே சன்ரைஸும் ப்ரூ இன்ஸ்டன்டும் காபி-சிக்கரி கலவைகள். ப்ரூ கோல்டில் சிக்கரி இல்லை. ஒரே கம்பெனியின் ஒரே பெயரில் இரண்டு வகையும் இருப்பதால், "நெஸ்கஃபே நல்லதா, ப்ரூ நல்லதா" என்ற கேள்வியே பொருளற்றதாகிவிடுகிறது. எந்த நெஸ்கஃபே, எந்த ப்ரூ என்று கேட்க வேண்டும்.

கலவை இன்ஸ்டன்ட்களில் 70:30 விகிதம் அதிகம் காணப்படும். ஆனால் விகிதத்தைக் கம்பெனிகள் மாற்றக்கூடும், ஒரே பெயரின் துணை வகைகளிலும் வேறுபடும். பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது விளம்பரம்தான்.

டம்ளரில் சிக்கரி செய்யும் வேலை மூன்று. நிறத்தை ஆழமாக்கும். நாக்கில் கனத்தைக் கூட்டும். காபியின் புளிப்பை மறைத்து, அடித்தொண்டையில் நிற்கும் ஓர் இனிப்புக் கசப்பைத் தரும். பால் அதிகம் ஊற்றிக் குடிக்கும் நம் வழக்கத்துக்கு இது நன்றாகவே ஒத்துப்போகிறது. பாலில் காபியின் நுண்மணங்கள் அமுங்கிவிடும், சிக்கரியின் கனமும் கேரமல் மணமும் அமுங்காது. பால் காபிக்குச் சிக்கரிக் கலவையைத் தாழ்வாகப் பேசுவது நியாயமில்லை. பால் சேர்க்காத காபியில்தான் அது கஷாயம் போலக் கனத்துவிடும்.

கொட்டை ரகம்

உலகில் வணிக அளவில் விளைவது இரண்டு ரகம். அராபிகாவில் புளிப்பும் மணமும் அதிகம், கசப்பு குறைவு. ஏற்காடு, கொடைக்கானல் மலைகளில் விளைவது பெரும்பாலும் இதுதான். ரொபஸ்டாவில் கசப்பும் திடமும் அதிகம், காஃபின் ஏறக்குறைய இரு மடங்கு. குடகிலும் வயநாட்டிலும் நிறைய விளைகிறது. ரொபஸ்டா மலிவு, கரையும் பங்கும் அதிகம் என்பதால் இன்ஸ்டன்ட் காபியின் முதுகெலும்பே அதுதான். விலை கூடிய டப்பாக்களில் அராபிகாவின் பங்கு கூடும். லேபிளில் ரகம் குறிப்பிடாத டப்பாவில் ரொபஸ்டாதான் பெரும்பங்கு என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது.

திடம் வேறு, கசப்பு வேறு, காஃபின் வேறு

"ஸ்ட்ராங்காக இருக்கிறது" என்று சொல்லும்போது இந்த மூன்றில் எதைச் சொல்கிறோம் என்று யோசிப்பதில்லை. பெரும்பாலான வாக்குவாதங்கள் இங்கேதான் பிறக்கின்றன.

திடம் என்பது ஒரு டம்ளர் தண்ணீரில் எவ்வளவு பொடி கரைந்திருக்கிறது என்பது. அரை ஸ்பூன் கூடப் போட்டால் எந்தக் காபியும் திடமாகும்.

கசப்பு பெரும்பாலும் வறுப்பிலிருந்து வருகிறது. கருக வறுத்தால் கசப்பு ஏறும். காஃபினும் கசக்கும்தான், ஆனால் காபியின் மொத்தக் கசப்பில் அதன் பங்கு சிறியது. காஃபின் நீக்கிய காபியும் கசப்பது இதனால்தான்.

காஃபின் தூக்கத்தைக் கலைக்கும் பொருள். அதற்கு நிறமும் இல்லை, கனமும் இல்லை. சுத்தமான இன்ஸ்டன்ட் காபியில் அது எடையில் சுமார் 3 சதவீதம். 2 கிராம் போட்டால் சுமார் 60 மில்லிகிராம். அதே 2 கிராம் 70:30 கலவையானால் 40 மில்லிகிராமை ஒட்டி வரும். கருகருவென்று கனமாகத் தெரியும் சிக்கரிக் காபியில் காஃபின் குறைவு, வெளிறித் தெரியும் சுத்தக் காபியில் அதிகம். ராத்திரி தூக்கம் வராதவர்கள் நிறத்தைப் பார்த்து முடிவு செய்தால் ஏமாறுவார்கள்.

*சுருக்கமாக: நிறமும் கனமும் பெரிதும் சிக்கரியிலிருந்து, கசப்பு வறுப்பிலிருந்தும் ரொபஸ்டாவிலிருந்தும், தூக்கம் கலைவது காஃபினிலிருந்து.*

ஒருவருக்குப் பிடிப்பது இன்னொருவருக்கு ஏன் பிடிப்பதில்லை

கசப்பை உணர்வதற்கென்று மனித நாக்கில் சுமார் 25 வகை ஏற்பிகள் இருக்கின்றன. ஏற்பி என்றால் ஒரு குறிப்பிட்ட பொருள் வந்து ஒட்டியதும் மூளைக்குச் செய்தி போகச் செய்யும் புரதம். இவற்றை உருவாக்கும் மரபணுக்கள் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. ஒரே டம்ளரை இருவர் குடித்து, ஒருவருக்குச் சரியாகவும் மற்றவருக்குக் கைப்பாகவும் இருந்தால், இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம்.

அடுத்தது மூக்கு. சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, விழுங்கும்போது தொண்டைக்குப் பின்புறமாக மூக்குக்கு ஏறும் மணம். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு காபி குடியுங்கள், வெறும் கசப்பும் இனிப்பும் சூடும்தான் தெரியும். கையை எடுத்தவுடன் காபி வந்துவிடும். சளி பிடித்த நாளில் பிராண்டை ஒப்பிடக் கூடாது.

எல்லாவற்றையும்விடப் பெரியது பழக்கம். சிக்கரி கலந்த ஃபில்டர் காபியில் வளர்ந்த நாக்குக்கு, சுத்தக் காபி புளிப்பாகவும் தண்ணியாகவும் படும். சுத்தக் காபியில் பழகியவருக்குச் சிக்கரி அடிநாக்கில் ஒட்டுவது போல இருக்கும். பழக்கம் மாறவும் செய்யும். அதனால் புது வகை ஒன்றை ஒரே ஒரு டம்ளரில் தீர்ப்புச் சொல்லித் தள்ளாமல், ஒரு வாரம் தொடர்ந்து குடித்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

பால், சர்க்கரை, தண்ணீர் மூன்றும் இதில் குறுக்கிடும். டோன்டு பாலில் கொழுப்பு 3 சதவீதம், ஃபுல் கிரீமில் 6. கொழுப்பும் பாலின் புரதமும் கசப்பைத் தரும் பொருட்களை ஓரளவு பிடித்துவைத்துக்கொள்ளும். சர்க்கரை கசப்பு தெரியாமல் மறைக்கும். உப்புத்தன்மையுள்ள கடினநீர் காபியின் புளிப்பை மழுக்கி மந்தமாக்கும், ஆர்ஓ தண்ணீரில் புளிப்பு தூக்கலாகத் தெரியும். பாலை மாற்றினால் டம்ளரில் ஏற்படும் வித்தியாசம், அதே வகையைச் சேர்ந்த இரண்டு பிராண்டுகளுக்கிடையே உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருப்பதே வழக்கம். சொந்தக்காரர் வீட்டில் குடித்த காபி நன்றாக இருந்தது என்று டப்பாவின் பெயரைக் கேட்டு வாங்குபவர்கள், எந்தப் பால் என்றும் கேட்டுவிட்டு வர வேண்டும்.

வீட்டில் ஒப்பிடும் முறை

டப்பா டப்பாவாக வாங்க வேண்டியதில்லை. ஒருமுறை பயன்படுத்தும் சாஷேக்கள் போதும். இதில் இன்னொரு வசதியும் உண்டு. சாஷேயில் நிகர எடை அச்சிட்டிருக்கும், தனியே நிறுக்க வேண்டாம்.

ஸ்பூனால் அளந்தால் ஒப்பீடு கெட்டுவிடும். நைஸ் தூள் ஸ்பூனில் அடர்ந்து உட்காரும், குருணை இடைவெளி விட்டு உட்காரும். ஒரே ஸ்பூனில் தூள் அதிக எடை பிடிக்கும், உடனே "இதுதான் ஸ்ட்ராங்" என்று தோன்றும். எடைதான் சரியான அளவு. சமையலறைத் தராசுகள் 1 கிராம் படியில் காட்டுவதால் 2 கிராமை நம்பி நிறுக்க முடியாது. சாஷே எடையை வைத்துத் தண்ணீரைக் கணக்கிடுவது எளிது: 1 கிராமுக்கு 75 மில்லி. சாஷேயில் 2 கிராம் இருந்தால் 150 மில்லி, 1.4 கிராம் இருந்தால் 105 மில்லி.

முதல் சுற்று பாலும் சர்க்கரையும் இல்லாமல். தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் விட்டு ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் மணம் ஆவியோடு போய்விடும். நாக்கு சுடாத பதத்துக்கு ஆறியதும் ஒவ்வொன்றிலும் ஒரு மிடறு குடியுங்கள், நடுவே வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளியுங்கள். பார்க்க வேண்டியவை நான்கு: மணம், புளிப்பு, கசப்பு, விழுங்கிய பிறகு வாயில் நிற்பது. முழுக்க ஆறிய பின் மறுபடி ஒரு மிடறு குடித்துப் பாருங்கள். சூட்டில் ஒளிந்திருந்த மரச்சாயல் அப்போது வெளியே வரும்.

இரண்டாம் சுற்று நீங்கள் தினம் குடிக்கும் விதத்தில். 2 கிராம் பொடியை 20 மில்லி வெந்நீரில் கரைத்து, 130 மில்லி சூடான பால், ஒன்றரை டீஸ்பூன் சர்க்கரை. எல்லா டம்ளருக்கும் ஒரே பாக்கெட் பால். முதல் சுற்றில் வென்றது இதில் தோற்கக்கூடும். உறையவைத்து உலர்த்திய விலை கூடிய காபி இங்கே பல சமயம் "சப்பென்று இருக்கிறது" என்ற பெயர் வாங்கும். அதன் பலம் மணத்தில், அந்த மணத்தைப் பால் மூடிவிட்டது.

மூன்றாம் சுற்றைப் பலர் செய்வதில்லை, ஆனால் நியாயத்துக்கு அது வேண்டும். ஒரே எடையில் ஒப்பிடும்போது சுத்தக் காபி சிலருக்குக் கசப்பாகிவிடும், சிலருக்குக் கலவை மந்தமாகிவிடும். ஒவ்வொன்றுக்கும் பொடியின் அளவைக் கால் பங்கு கூட்டியும் குறைத்தும் பார்த்து, அது சிறப்பாக வரும் அளவைக் கண்டுபிடித்து, சிறந்ததைச் சிறந்ததோடு ஒப்பிடுங்கள்.

கண்ணை மூடிய சோதனை

பெயர் தெரிந்தால் நாக்கு பெயரைத்தான் குடிக்கும். இதற்கு முக்கோணச் சோதனை என்ற எளிய வழி ஒன்று உண்டு. உணவுக் கம்பெனிகள் தங்கள் ஆய்வகங்களில் செய்வதும் இதையே. இரண்டு காபிகளைப் பாலோடு தயாரித்துத் தனித்தனி ஃபிளாஸ்கில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர், உங்களுக்குத் தெரியாமல் மூன்று டம்ளர்களில் 20 மில்லி அளவு ஊற்றட்டும்: இரண்டில் ஒரே காபி, ஒன்றில் மற்றது. எந்த டம்ளரில் எது என்பதை அடியில் குறித்துவைக்கட்டும். நிறம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு குடித்து, வேறாக இருப்பது எது என்று சொல்ல வேண்டும்.

மொத்தம் ஆறு முறை. நாக்கு சோர்ந்துவிடும் என்பதால் ஒரு நாளைக்கு மூன்று வீதம் இரண்டு நாட்கள். சும்மா ஊகித்தாலே சராசரியாக இரண்டு முறை சரியாக வரும். நாலோ அதற்கு மேலோ அதிர்ஷ்டத்தில் வருவதற்குப் பத்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஐந்து அல்லது ஆறு சரியாகச் சொன்னால் வித்தியாசம் உங்களுக்கு உண்மையாகவே தெரிகிறது என்று நம்பலாம். அதற்கும் குறைந்தால், உங்கள் நாக்குக்கு அந்த இரண்டும் ஒன்றுதான் என்றே வைத்துக்கொண்டு மலிவானதை வாங்கலாம். கிளாசிக்கையும் சிக்கரிக் கலவையையும் பாலில்கூடப் பெரும்பாலோர் பிரித்துவிடுவார்கள். ஒரே விகிதமுள்ள இரண்டு கலவைகளைப் பிரிப்பதுதான் கடினம்.

வித்தியாசம் தெரிகிறதா என்பதும் எது பிடிக்கிறது என்பதும் இரண்டு கேள்விகள். முதலாவதில் தேறிய பிறகு இரண்டாவதைக் கேளுங்கள்.

காபியின் மேல் பழி விழும் சில தவறுகள்

*கட்டி பிடித்தல்.* உலர்ந்த பொடியின் மேல் கொதிக்கும் பாலை நேரே ஊற்றினால் பொடிக்குவியலின் வெளிப்பக்கம் உடனே பசையாகி மூடிக்கொள்ளும், உள்ளே ஈரம் போகாது. பாலின் கொழுப்பு நனைவதை இன்னும் தாமதமாக்கும். அதனால்தான் முதலில் ஒரு மேசைக்கரண்டி வெந்நீரில் குழைத்துக்கொண்டு பிறகு பால் ஊற்றச் சொல்வது. நைஸ் தூளுக்கு இது கட்டாயம், குருணைக்குச் சலுகை உண்டு.

*பொடியைப் பாலோடு கொதிக்கவைத்தல்.* இதில் புதிதாக இறங்குவதற்கு எதுவும் இல்லை, ஏற்கெனவே இறக்கிய டிகாக்ஷன் அது. கொதிக்கக் கொதிக்க மணம் போய், கசப்பும் காய்ந்த வாடையும்தான் மிஞ்சும்.

*திரிதல்.* புளிக்கத் தொடங்கும் பழைய பால், காபியின் அமிலம் பட்டதும் திரியும். சிக்கரி இல்லாத, புளிப்புள்ள காபியில் இது முதலில் தெரியும். பழி பாலின் மேல்தான் போட வேண்டும்.

*டப்பாவில் பாறையாதல்.* இன்ஸ்டன்ட் காபி காற்றின் ஈரத்தை வேகமாக இழுக்கும். ஈரம் ஓரளவு ஏறியதும் துகள்கள் மெழுகு போல இளகி ஒன்றோடொன்று ஒட்டி, கடைசியில் கெட்டிப்பட்டுவிடும். கடற்கரை ஊர்களில் ஒரு மழைக்காலம் போதும். ஈர ஸ்பூனும், ஆவி பறக்கும் டம்ளருக்கு மேலே டப்பாவைச் சாய்த்துக் கொட்டுவதும் இதை விரைவாக்கும். ஃபிரிட்ஜில் வைத்து வெளியே எடுத்துத் திறந்தால், குளிர்ந்த பொடியின் மேல் காற்றின் ஈரம் படியும், அது இன்னும் கேடு. பெரிய பாக்கெட் வாங்கினால் ஒரு வாரத்துக்கு வேண்டியதைச் சின்னக் கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றி, மீதியை இறுக்கி மூடி வைத்துவிடுங்கள். சிக்கரி கலந்தது இன்னும் சீக்கிரம் ஒட்டும்.

எதை வாங்குவது

முழுப் பாலில், சர்க்கரை போட்டு, டபராவில் ஆற்றிக் குடிப்பவர்கள் முதலில் 70:30 கலவைகளிலிருந்து தொடங்கலாம். பாதி பால், பாதி தண்ணீர் என்று குடிப்பவர்களுக்குச் சுத்தமான ஸ்பிரே டிரைடு காபி பொருந்தும். கலவையோடு அதை அரைக்கு அரை சேர்த்து வீட்டிலேயே 85:15 செய்துகொள்ளவும் முடியும். கடையில் சுலபமாகக் கிடைக்காத விகிதம் இது, பலருக்கு இங்கேதான் நாக்கு நிற்கும். பால் இல்லாமலோ, ஒரே ஒரு ஸ்பூன் பாலோடோ குடிப்பவர்களுக்கு உறையவைத்து உலர்த்தியதற்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீண்போகாது. காஃபினைக் குறைக்க நினைப்பவர்கள் மாலையில் மட்டும் கலவைக்கு மாறிக்கொள்ளலாம்.

விலையை டப்பாவுக்கு டப்பா ஒப்பிடாதீர்கள். விலையை நிகர எடையால் வகுத்து, உங்களுக்குச் சரியாக வந்த அளவால் பெருக்குங்கள். 50 கிராம் 200 ரூபாய் என்றால் கிராம் 4 ரூபாய், 2 கிராம் போட்டால் டம்ளருக்கு 8 ரூபாய். அதைவிட மலிவான கலவையில் உங்களுக்கு 3 கிராம் வேண்டியிருந்தால், கிராம் 2 ரூபாய் 70 காசுக்கு மேல் போனதுமே அந்த மலிவு காணாமல் போய்விடும்.